திங்கள் அஜந்தா, செவ்வாய் எல்லோரா: முன்பணம் கொடுக்கும் முன் கிழமையைப் பாருங்கள்

கேள்வி: தை அறுவடை முடிந்ததும் எங்கள் தெருவில் பன்னிரண்டு பேர் சேர்ந்து சீரடி, அஜந்தா, எல்லோரா போய்வரலாம் என்று இருக்கிறோம். ரயில், தங்குமிடம், சாப்பாடு, வழிகாட்டி எல்லாம் அடக்கம், ஆளுக்கு 14,500 ரூபாய் என்கிறார் டூர்காரர். நோட்டீஸில் "ஞாயிறு சீரடி, திங்கள் அஜந்தா, செவ்வாய் எல்லோரா மற்றும் கிரிஷ்ணேஸ்வரர், மூன்று இரவும் சீரடியில் தங்கல்" என்று போட்டிருக்கிறது. மாமியாருக்கு 68 வயது, முழங்கால் வலி உண்டு. முன்பணம் ஆளுக்கு 5,000 கேட்கிறார். கொடுக்கலாமா?
— வாசகி, பட்டீஸ்வரம்

பதில்: இந்த நோட்டீஸை நம்பி ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள். அஜந்தாவுக்குத் திங்கள்கிழமை விடுமுறை. எல்லோராவுக்குச் செவ்வாய்க்கிழமை விடுமுறை. இவர் போட்டிருக்கும்படி போனால் இரண்டு நாளும் வாசலோடு திரும்ப வேண்டியதுதான். எல்லோரா பக்கத்திலுள்ள கிரிஷ்ணேஸ்வரர் சிவன் கோயில் மட்டும் திறந்திருக்கும். ஒருமுறையாவது ஆட்களை அங்கே கூட்டிப்போனவர் இப்படி அச்சடிக்க மாட்டார் என்பதுதான் எனக்கு உறுத்துகிறது. இதற்கு முன் எந்த மாதம் போனீர்கள், யார் யார் வந்தார்கள் என்று கேட்டு, அவர்களில் இரண்டு பேரிடமாவது பேசுங்கள்.

கிழமைக் கோளாறைச் சரிசெய்வது எளிது. இரண்டு நாளையும் இடம் மாற்றினால் போதும்: திங்கள் எல்லோரா, செவ்வாய் அஜந்தா. ஆனால் அதோடு தங்கலையும் மாற்றச் சொல்லுங்கள். ஔரங்காபாத்திலிருந்து (இப்போது சத்ரபதி சம்பாஜிநகர்) எல்லோரா சுமார் 30 கிலோமீட்டர். அஜந்தா வேறு திசையில் சுமார் 100 கிலோமீட்டர். சீரடியிலிருந்து அந்த நகரமே 100 கிலோமீட்டருக்கு மேல். மூன்று இரவும் சீரடியில் என்றால் அஜந்தா நாள் முழுக்க வேனிலேயே கழியும். திங்கள் இரவு சம்பாஜிநகரில் தங்கினால்தான் காலை 9 மணிக்கு அஜந்தா திறக்கும்போது அங்கே நிற்கலாம்.

அதிகாலையில் கிளம்பச் சொல்வதற்குக் காரணம் உண்டு. சில வருடங்களுக்கு முன் ஒரு குழுவோடு நான் போனபோது, வழியில் ஒரு புடவைக் கடையில் இறக்கிவிட்டார்கள். அப்புறம் சாப்பாடு. அஜந்தா அடிவாரம் சேர்ந்தபோது பிற்பகல் மூன்று மணி. நம் வண்டி நான்கு கிலோமீட்டருக்கு முன்னாலேயே நின்றுவிடும். அங்கிருந்து குகைக்கென்று விடும் பேருந்தில்தான் போக வேண்டும். அந்த வரிசை, படிக்கட்டு எல்லாம் தாண்டி முதல் குகைக்குள் நுழைந்ததும் ஒரே இருட்டு. ஓவியம் நிறம் மங்காமல் இருக்க வெளிச்சத்தைக் குறைத்தே வைத்திருக்கிறார்கள். கண் பழக இரண்டு மூன்று நிமிடம் ஆகிறது. பழகியதும்தான் தாமரை ஏந்திய போதிசத்துவரின் தாழ்ந்த இமையும், கழுத்து முத்துமாலையும் சுவரிலிருந்து மெல்ல எழுந்து வருகின்றன. அந்த நேரம் பார்த்து "கிளம்புங்க, கிளம்புங்க" என்றார் மேனேஜர். ஐந்து மணிக்கு மூடிவிடுவார்கள். முப்பது குகையில் நான் பார்த்தது நான்கு. அதனால்தான் சொல்கிறேன்: அஜந்தாவில் குறைந்தது நான்கு மணி நேரம், எல்லோராவிலும் அதேபோல நான்கு மணி நேரம், வழியில் கடை நிறுத்தம் கிடையாது என்று நோட்டீஸிலேயே பேனாவால் எழுதி, டூர்காரரிடம் கையெழுத்து வாங்குங்கள். நீங்கள் காசு கொடுப்பது அந்த எட்டு மணி நேரத்துக்காகத்தான்.

"வழிகாட்டி அடக்கம்" என்பதையும் விட்டுவிடாதீர்கள். தலை எண்ணி வண்டியில் ஏற்றுபவர் வழிகாட்டி அல்ல. குகையைப் பற்றிச் சொல்லத் தெரிந்த உரிமம் பெற்ற வழிகாட்டி வருவாரா, அவர் பேசுவதைத் தமிழில் யார் சொல்வார்கள் என்று கேளுங்கள். எல்லோராவின் 34 குகைகளில் முதல் 12 பௌத்தம், 13 முதல் 29 வரை சைவமும் வைணவமும், கடைசி ஐந்து சமணம். சொல்ல ஆள் இல்லாவிட்டால் எல்லாம் ஒன்றுபோலவே தெரியும்.

மாமியாரைத் தாராளமாக அழைத்துப்போங்கள். அஜந்தாவில் படி ஏற முடியாதவர்களை நாற்காலியில் வைத்துத் தூக்கிப்போகும் டோலி உண்டு. அந்தக் கூலி பேக்கேஜில் சேராது, பேரம் பேசிவிட்டுத்தான் ஏற வேண்டும். எல்லோராவில் 16ஆம் குகையான கைலாசநாதர் கோயில் நுழைவாயிலுக்கு நேர் எதிரேதான். அவருக்கு அது ஒன்றே போதும். தஞ்சைப் பெரிய கோயிலையும் தாராசுரத்தையும் கல்மேல் கல்லாக எழுப்பியதாகவே பார்த்துப் பழகியவர்கள் நாம். இங்கே மலையை மேலிருந்து கீழாகக் குடைந்து கொண்டே வந்து கோயிலை எடுத்திருக்கிறார்கள். எட்டாம் நூற்றாண்டு, ராஷ்டிரகூட மன்னன் முதலாம் கிருஷ்ணன் காலம். முற்றத்தில் நிழலான ஓர் இடத்தில் அவரை உட்காரவைத்துவிட்டு நீங்கள் மற்ற குகைகளைப் பார்த்து வரலாம்.

மற்றவை சில்லறை விஷயம். நுழைவுக் கட்டணம் இந்தியர்களுக்குத் தலா 40 ரூபாய், 15 வயதுக்குக் கீழ் இலவசம். அது அடக்கமா என்று கேளுங்கள். சீரடியில் பொது தரிசனம் இலவசம், "தரிசன ஏற்பாடு" என்று தனியாகக் கேட்டால் எதற்கு என்று விசாரியுங்கள். ரயில் முன்பதிவு 60 நாளுக்கு முன்புதான் திறக்கும். அதற்கு முன்பே "டிக்கெட் போட்டாச்சு" என்று சொன்னால் நம்பாதீர்கள். டிக்கெட் நகலில் பன்னிரண்டு பெயரும் இருக்கிறதா, எந்த வகுப்பு என்று பார்த்தபிறகு மீதிப் பணம்.

கேள்வி: காசி யாத்திரைக்கு 8,000 ரூபாய் முன்பணம் கட்டினேன். ஆள் சேரவில்லை என்று டூர்காரரே ரத்து செய்துவிட்டார். ரசீதில் "முன்பணம் திருப்பித் தரப்படாது" என்று இருப்பதால் அடுத்த யாத்திரையில் கழித்துக்கொள்ளலாம் என்கிறார்.
— வாசகர், திருவாரூர்

பதில்: நீங்கள் வரமாட்டேன் என்று சொல்லியிருந்தால் அந்த வரி பேசும். அவரே ரத்து செய்ததால் அது சேவைக் குறைபாடு. அடுத்த யாத்திரையில் கழிக்க நீங்கள் சம்மதிக்க வேண்டிய கட்டாயம் இல்லை. பணம் கட்டிய தேதி, தொகை, ரத்து செய்ததாக வந்த வாட்ஸ்அப் செய்தி இவற்றைக் குறிப்பிட்டு, 15 நாளில் பணம் வேண்டும் என்று ஸ்பீட் போஸ்டில் கடிதம் அனுப்புங்கள். கடிதம் போய்ச் சேர்ந்ததற்கான ஆதாரத்தை எடுத்து வையுங்கள். 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணிலும் புகார் பதியலாம். பல நேரம் அங்கிருந்து ஒரு அழைப்பு போனதுமே பணம் வந்துவிடும்.

வராவிட்டால் திருவாரூர் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்துக்குப் போங்கள். டூர்காரர் எந்த ஊராக இருந்தாலும், 2019ஆம் ஆண்டு சட்டப்படி நீங்கள் குடியிருக்கும் ஊரிலேயே வழக்குப் போடலாம். கட்டிய தொகை 5 லட்சத்துக்குள் என்றால் கட்டணம் கிடையாது, வக்கீலும் கட்டாயமில்லை. இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். ரத்து செய்தி வந்த அந்த வாட்ஸ்அப்பை மட்டும் இன்றே ஸ்கிரீன்ஷாட் எடுத்துவிடுங்கள், அனுப்பியவர் அழித்துவிடலாம்.