பகலில் எங்கே ஒளிகிறது செள்ளு?

கோழி வளர்ப்பு: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: நாட்டுக்கோழி 15 வைத்திருக்கிறோம். மூங்கில் பரண், மேலே தென்னங்கீற்று. கொட்டகைக்குள் நுழைந்தாலே கையெல்லாம் ஊறுகிறது. கோழிகளை மூன்று தடவை மருந்துத் தண்ணீரில் முக்கி எடுத்தும் பத்து நாளில் செள்ளு மறுபடி வந்துவிடுகிறது. பகலில் இறகைப் பிரித்துப் பார்த்தால் ஒன்றையும் காணோம். – வாசகர், மணப்பாறை

பதில்: பகலில் கோழி மேல் காணோம் என்று எழுதியிருக்கிறீர்களே, அதிலேயே விஷயம் இருக்கிறது. இது சிவப்புச் செள்ளு, உண்ணி போல ரத்தம் குடிக்கும் மிகச் சிறிய உயிரி. இரவில் ஏறி அரை மணி, ஒரு மணி நேரம் ரத்தம் குடிக்கும். விடிவதற்குள் இறங்கி இடுக்குக்குள் புகுந்துகொள்ளும். முட்டையிடுவது, பொரிப்பது எல்லாம் அங்கேதான். நீங்கள் கோழியை முக்கிக்கொண்டிருக்கிறீர்கள். முக்க வேண்டியது பரணை.

முதலில் உறுதி செய்துகொள்ளுங்கள். இரவு 9 மணிக்கு மேல் டார்ச் எடுத்துக்கொண்டு பரண் குச்சியின் அடிப்பக்கம், சுவரில் செருகிய முனை, கயிற்றுக் கட்டு ஆகியவற்றைப் பாருங்கள். இடுக்கின் வாயில் சாம்பல் நிறத் தூள் படிந்திருக்கும்; செள்ளு உரித்த தோலும் எச்சமும் அது. ஒரு வெள்ளைத் தாளை அடியில் பிடித்து, இடுக்கை ஈர்க்குச்சியால் கிளறி, தாளை மடித்துத் தேயுங்கள். சிவப்புக் கோடு விழுந்தால் சந்தேகமே வேண்டாம்.

தெளிக்கும் நாளன்று காலையிலேயே கோழி, தீவனம், தண்ணீர்ப் பாத்திரம், முட்டை எல்லாவற்றையும் வெளியேற்றுங்கள். எச்சத்தையும் ஒட்டடையையும் சுரண்டி அள்ளி, துணி சோப்புத் தண்ணீரால் பரணைத் தேய்த்துக் கழுவிக் காயவிடுங்கள். இந்தக் கழுவலைத்தான் பெரும்பாலோர் விட்டுவிடுகிறார்கள். எச்சமும் தூசியும் மருந்தை உறிஞ்சிக்கொள்ளும். செள்ளுக்குப் போய்ச் சேராது.

பிறகு மருந்து. கால்நடை மருந்துக் கடையில் கிடைக்கும் டெல்டாமெத்ரின் திரவம் பெரும்பாலும் மி.லி.க்கு 12.5 மி.கி. செறிவில் இருக்கும். கொட்டகைக்கு லிட்டர் தண்ணீருக்கு 4 மி.லி., அதாவது 50 மி.கி. மருந்து. லேபிளில் வேறு அளவு போட்டிருந்தால் லேபிள்படியே கலக்குங்கள். 10க்கு 10 அடி கொட்டகைக்கு 8 முதல் 10 லிட்டர் கலவை வேண்டும். பனிபோல் தூவிவிட்டு வந்தால் போதாது. தெளிப்பானின் முனையை இடுக்கோடு ஒட்டிப் பிடித்து, வழிந்து சொட்டும்வரை அடியுங்கள். கையுறை, முகமூடி கட்டாயம். நன்றாகக் காய்ந்த பின், மாலையில் கோழிகளை உள்ளே விடலாம். ஈரம் காயும்வரை பூனை அண்டக் கூடாது, இந்த வகை மருந்து பூனைக்கு ஆகாது. மீன் குட்டைக்கும் கிணற்றுக்கும் ஒரு சொட்டுகூடப் போகக் கூடாது.

பத்து நாளில் ஏன் திரும்பி வருகிறது? செள்ளின் முட்டையை மருந்து கொல்லாது. முட்டை 2, 3 நாளில் பொரிந்து, நம் வெயிலில் ஒரு வாரம் பத்து நாளில் அடுத்த தலைமுறை முட்டையிடத் தயாராகிவிடும். அதனால் 7ஆம் நாள் இரண்டாவது தெளிப்பு அவசியம். 14ஆம் நாள் மறுபடி டார்ச்; தென்பட்டால் மூன்றாவது. அதற்குப் பின்னும் குறையவில்லையென்றால் அளவைக் கூட்டாதீர்கள். அந்த மருந்துக்கு அது பழகிவிட்டிருக்கலாம். மருத்துவரிடம் கேட்டு வேறு வகை மருந்துக்கு மாறுங்கள்.

சுண்ணாம்பு அடித்த சுவரில் இந்த மருந்து வேண்டாம், காரத்தில் மருந்து சிதைந்துவிடும். சுவரில் விரிசலை அடைக்கச் சுண்ணாம்பு, மரத்துக்கும் கயிற்றுக்கும் மருந்து என்று பிரித்துக்கொள்ளுங்கள்.

இவ்வளவுக்குப் பிறகும் மூங்கில் பரணையே வைத்திருந்தால் ஆறு மாதத்தில் எங்களுக்கு இன்னொரு கடிதம் எழுதுவீர்கள். கணுவும் வெடிப்பும் உட்குழாயும் செள்ளுக்கு மாளிகை. இழைத்த சட்டமோ ஜி.ஐ. குழாயோ போட்டு, சுவரில் செருகாமல் தனிக் கால்களில் நிறுத்தி, ஒவ்வொரு காலையும் பழைய இன்ஜின் ஆயில் ஊற்றிய டப்பாவில் வையுங்கள். எறும்புக்குப் பயந்து பலகாரத் தூக்கைத் தண்ணீர்த் தட்டில் வைக்கிற அதே வேலைதான். செள்ளு நடந்துதான் ஏற வேண்டும். கீற்றின் நுனி பரணைத் தொட்டால் எல்லாம் வீண்.

கொட்டகையைச் சில நாள் காலியாகப் போட்டால் செத்துவிடும் என்பார்கள். நம்பாதீர்கள். குளிர்ந்த இடத்தில் எட்டு மாதம் வரைகூடப் பட்டினி கிடக்கும். நம் ஊர்ச் சூட்டில் அவ்வளவு தாங்காது, ஆனாலும் வாரக்கணக்கில் தாங்கும்.

கேள்வி: அடைக்கோழி 15ஆம் நாள் முட்டையை விட்டுவிட்டு எழுந்து போய்விட்டது. கூடை நிறைய செள்ளு. பாச்சை உருண்டை போடலாமா? – வாசகி, காங்கேயம்

பதில்: வேண்டாம் அம்மா. முட்டையில் வாடை ஏறும், குஞ்சுக்கும் ஆகாது.

அடை 21 நாள். அதற்குள் செள்ளு இரண்டு மூன்று தலைமுறை பெருகிவிடும். கோழியோ ஒரே இடத்தில் உட்கார்ந்திருக்கிறது, மண்ணில் புரள்வதும் இல்லை. கொண்டை வெளுத்து, ரத்தம் குறைந்து, பொறுக்க முடியாமல்தான் எழுகிறது. சில கோழி கூடையிலேயே செத்தும் போகும்.

அடுத்த முறை கூடையைக் கழுவி இரண்டு நாள் கடும் வெயிலில் போடுங்கள். பழைய வைக்கோலை எரித்துவிடுங்கள். அடியில் சலித்த மணலும் விறகுச் சாம்பலும் பாதிக்குப் பாதி, மேலே புது வைக்கோல். வைப்பதற்கு முதல் நாள் கோழியின் இறக்கை அடியிலும் ஆசனவாயைச் சுற்றியும் கந்தகத் தூளை இறகின் வேர்வரை தடவுங்கள். 7ஆம் நாள் முட்டையை விளக்கொளியில் பார்ப்பீர்கள் அல்லவா, அதே கையோடு வைக்கோலை உதறிப் பாருங்கள். செள்ளு தெரிந்தால், கோழி தீனிக்கு இறங்கிய நேரத்தில் முட்டைகளை உலர்ந்த துணியால் துடைத்து, தயாராக வைத்த இன்னொரு கூடைக்கு 15 நிமிடத்துக்குள் மாற்றிவிடுங்கள். கூடையில் வைக்கிற இரும்புத் துண்டும் மிளகாயும் கரியும் இடிக்குக் காவல் என்று வைப்பவை. செள்ளு அவற்றைச் சட்டை செய்யாது.

கேள்வி: சேவலின் காலில் செதில் தூக்கிக்கொண்டு வெள்ளையாகத் தடித்திருக்கிறது. மண்ணெண்ணெய் தடவச் சொல்கிறார்கள். – வாசகர், சிவகங்கை

பதில்: மண்ணெண்ணெய் தோலைப் பொசுக்கும். இது செதிலுக்கு அடியில் குடைந்து வாழும் வேறு வகைச் செள்ளு. காலை வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீரில் 10 நிமிடம் ஊறவைத்து, பழைய பல் துலக்கியால் மெதுவாகத் தேயுங்கள். தானாக உதிர்வது உதிரட்டும், நகத்தால் பெயர்த்தால் ரத்தம் வரும். துடைத்துவிட்டு, 100 மி.லி. தேங்காய் எண்ணெயில் 10 கிராம் கந்தகத் தூள் குழைத்துச் செதிலுக்குள் இறங்கும்படி தடவுங்கள். வாரம் இரு முறை, நான்கு வாரம். செள்ளு செத்த பிறகும் கால் பழையபடி ஆக மாதக்கணக்கு ஆகும். அதைப் பார்த்து மருந்து பலிக்கவில்லை என்று நினைக்காதீர்கள்.

கேள்வி: நாய்க்கு உண்ணிக்காக முதுகில் விடும் பிப்ரோனில் சொட்டு மருந்தை முட்டைக்கோழிக்கு விடலாமா? – வாசகர், பல்லடம்

பதில்: கூடவே கூடாது. கொழுப்பில் கரையும் மருந்து அது. மஞ்சள் கருவில் போய்த் தங்கும். 2017இல் நெதர்லாந்திலும் பெல்ஜியத்திலும் செள்ளை ஒழிக்கப் பண்ணைகளில் அடித்த மருந்தில் பிப்ரோனில் கலந்திருந்தது தெரிந்து, லட்சக்கணக்கான முட்டைகளைக் கடைகளிலிருந்து திரும்பப் பெற்றார்கள். செள்ளுக்குப் போடும் ஐவர்மெக்டின் ஊசிக்கும் மருத்துவர் சொல் வேண்டும். அதுவும் முட்டையில் இறங்கும். அவர் சொல்லும் நாள்வரை முட்டையை விற்கவோ தின்னவோ கூடாது.

கேள்வி: 2,000 கூண்டுக்கோழி. மார்கழியிலிருந்து ஆசனவாயைச் சுற்றி இறகு கறுத்து ஒட்டியிருக்கிறது. பகலிலேயே செள்ளு ஓடுகிறது. – வாசகர், நாமக்கல்

பதில்: உங்களுடையது கோழி மேலேயே குடித்தனம் நடத்தும் வகை, குளிர் மாதங்களில் ஏறும். இங்கே கூண்டைக் கழுவி மட்டும் பயனில்லை, மருந்து கோழி மேல் பட வேண்டும். முட்டைக்கோழி மேல் அடிக்க அனுமதி உள்ள மருந்தைப் பண்ணை மருத்துவரிடம் கேட்டு, பவர் ஸ்பிரேயரால் கூண்டின் அடியிலிருந்து மேல்நோக்கி, தோல் நனையும்படி அடியுங்கள். 100 கோழிக்குச் சுமார் 4 லிட்டர் கலவை. மேலிருந்து அடித்தால் முதுகுதான் நனையும். ஒரு வாரம் கழித்து மறுபடி. அலகு ஆழமாக வெட்டிய கோழிகளில் அதிகம் இருக்கும், கோதிக்கொள்ள அவற்றால் முடியாது. வாரம் ஒரு முறை வரிசைக்கு 10 கோழி பிடித்துப் பாருங்கள். வெளியே போய்த் திரும்பும் முட்டை அட்டை டிரேயை உள்ளே விடாதீர்கள். கூரையில் குருவி, புறா கூடு கட்டும் இடத்துக்கு வலை அடியுங்கள்.