மாதம் 12,000 ரூபாய் கொடுத்தால் கூகுளில் முதல் இடமா?

வாசகி கேள்வி: காங்கயம் பக்கத்தில் மரச்செக்கு எண்ணெய் ஆட்டி விற்கிறோம். எட்டு மாதத்துக்கு முன் 18,000 ரூபாய் செலவில் வேர்ட்பிரஸ்ஸில் இணையதளம் செய்து வாங்கினோம். பார்க்க அழகாக இருக்கிறது. ஆனால் 'மரச்செக்கு எண்ணெய்' என்று கூகுளில் தேடினால் எத்தனை பக்கம் தள்ளினாலும் நாங்கள் வருவதில்லை. கடைப் பெயரைப் போட்டால்கூட வரவில்லை. இப்போது ஒருவர் போனில் பேசி, மாதம் 12,000 ரூபாய் கொடுத்தால் மூன்றே மாதத்தில் முதல் இடம், உத்தரவாதம் என்கிறார். கொடுக்கலாமா? நானே செய்யக்கூடியது ஏதாவது உண்டா?

பதில்: கொடுக்காதீர்கள். முதல் இடத்துக்கு யாராலும் உத்தரவாதம் தர முடியாது என்று கூகுளே தன் வழிகாட்டிப் பக்கத்தில் எழுதி வைத்திருக்கிறது. விளம்பரத்துக்குப் பணம் கட்டினால் விளம்பரம் என்ற குறிப்போடு மேலே வரலாம். ஆனால் கட்டுவதை நிறுத்திய அன்றே அதுவும் நின்றுவிடும். விளம்பரம் கொடுப்பதால் சாதாரண முடிவுகளில் ஒரு படிகூட ஏற முடியாது. தேடல் முடிவில் தளத்தை முன்னுக்குக் கொண்டுவரும் எஸ்.இ.ஓ. வேலையை நேர்மையாகச் செய்பவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். அவர்கள் முதலில் உங்கள் தளத்தைத் திறந்து பார்த்து, எங்கே கோளாறு என்று சொல்வார்கள். உங்களுக்கு வந்த அழைப்பில் அந்தப் பேச்சே இல்லை.

நீங்கள் எழுதியதில் எனக்கு முக்கியமாகப் பட்ட வரி, 'கடைப் பெயரைப் போட்டால்கூட வரவில்லை' என்பதுதான். மரச்செக்கு எண்ணெய் என்ற சொல்லுக்கு எத்தனையோ கடைகள் போட்டியில் இருக்கின்றன. உங்கள் கடைப் பெயருக்கு அவ்வளவு போட்டி இருக்காது. அதற்கே வரவில்லை என்றால், கூகுள் உங்கள் தளத்தைத் தன் பட்டியலில் சேர்க்கவே இல்லையோ என்று சந்தேகப்பட வேண்டும். இதைச் சோதிக்க ஒரு நிமிடம் போதும். கூகுள் தேடல் பெட்டியில் ஆங்கிலத்தில் சைட் (site) என்று அடித்து, ஒரு முக்காற்புள்ளி வைத்து, இடைவெளி விடாமல் உங்கள் தள முகவரியை அடியுங்கள். உங்கள் பக்கங்கள் வரிசையாக வந்தால் பட்டியலில் இருக்கிறீர்கள். ஒன்றுமே வரவில்லை என்றால் பெரும்பாலும் வாசல் பூட்டியிருக்கிறது.

வேர்ட்பிரஸ்ஸில் அந்தப் பூட்டு எங்கே இருக்கும் என்று எனக்கு நன்றாகத் தெரியும். செட்டிங்ஸில் ரீடிங் என்ற பக்கத்தில், தேடுபொறிகள் இந்தத் தளத்தைப் பட்டியலில் சேர்க்க வேண்டாம் என்று சொல்லும் ஒரு சின்னக் கட்டம் உண்டு. தளம் பாதியில் இருக்கும்போது அதில் டிக் போட்டு வைப்பார்கள், அது சரியான வழக்கம்தான். வேலை முடிந்ததும் எடுக்க மறந்துவிடுகிறார்கள். ஓர் அச்சகத்தின் தளத்துக்கு நான் கைகொடுக்கப் போனபோது ஒரு வருடத்துக்கும் மேலாக அந்த டிக் அப்படியே இருந்தது. அதை எடுத்துவிட்டு, கூகுள் சர்ச் கன்சோல் என்ற இலவச வசதியில் தளத்தைப் பதிவு செய்து, தளத்தின் பக்கங்களைப் பட்டியலிடும் சைட்மேப்பைக் கொடுத்தோம். சில நாட்களில் கடைப் பெயருக்கு வர ஆரம்பித்தது. உங்களுக்கும் முதல் வேலை இதுதான்.

சரி, வாசல் திறந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். உள்ளே வரும் கூகுளுக்குப் படிக்க ஏதாவது இருக்கிறதா? 'பார்க்க அழகாக இருக்கிறது' என்று எழுதியிருக்கிறீர்கள். அது எனக்குக் கொஞ்சம் கவலையாகத்தான் இருக்கிறது. நம் ஊரில் பல கடைத் தளங்களை பிளக்ஸ் போர்டு போலச் செய்துவிடுகிறார்கள். எண்ணெயின் பெயர், விலை, சிறப்பு எல்லாவற்றையும் ஒரே படமாக வடிவமைத்து, அந்தப் படத்தை அப்படியே ஏற்றிவிடுகிறார்கள். மனிதக் கண்ணுக்கு அது எழுத்து, தேடுபொறிக்கு அது ஒரு படம். உங்கள் போனில் தளத்தைத் திறந்து, 'கடலை எண்ணெய்' என்று இருக்கும் இடத்தில் விரலை அழுத்திப் பிடியுங்கள். அந்தச் சொல்லை மட்டும் தேர்ந்தெடுக்க முடிகிறதா? முடியவில்லை என்றால் அது படம்.

தேர்ந்தெடுக்க முடிந்தால் அதை நகலெடுத்து வாட்ஸ்அப்பில் ஒட்டிப் பாருங்கள். தமிழாகவே வந்தால் நல்லது. ஆங்கில எழுத்தும் குறியீடுமாகச் சிதறி வந்தால் பாமினி போன்ற பழைய எழுத்துருவில் அடித்திருக்கிறார்கள். பாமினியில் 'எம்' விசையைத் தட்டினால் திரையில் 'அ' தெரியும், ஆனால் உள்ளே பதிவாவது 'எம்'தான். அப்படிப்பட்ட பக்கத்தில் 'நல்லெண்ணெய்' என்று நூறு முறை எழுதியிருந்தாலும் கூகுளுக்கு அது தமிழே இல்லை. தமிழைத் தமிழாகவே பதிவு செய்யும் முறை யூனிகோடு. தமிழ்நாடு அரசு 2010-லேயே அதைத் தன் தரமாக அறிவித்துவிட்டது. இன்றும் சில டிசைனர்கள் அச்சு வேலைப் பழக்கத்தில் பழைய எழுத்துருவையே எடுக்கிறார்கள். எல்லாவற்றையும் யூனிகோடில் திரும்ப அடிக்கச் சொல்லுங்கள். இதில் மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள்.

இனி உங்களால் மட்டுமே செய்யக்கூடிய வேலைக்கு வருகிறேன். எந்த எஸ்.இ.ஓ. நிறுவனத்தாலும் இதை உங்களுக்குப் பதிலாகச் செய்ய முடியாது. ஒரு மாதத்துக்கு போன் பக்கத்தில் ஒரு நோட்டு வையுங்கள். வாங்குகிறவர்கள் கேட்கும் கேள்வியை, அவர்கள் கேட்ட வார்த்தையிலேயே எழுதுங்கள். 'அடியில கசடு நிக்குதே, கெட்டுப்போச்சா?' 'தேங்காய் எண்ணெய் உறைஞ்சுபோச்சு, கலப்படமா?' 'எள்ளோட கருப்பட்டி ஏன் போடுறீங்க?' 'எங்க கடலையைக் கொண்டுவந்தா ஆட்டித் தருவீங்களா? கூலி எவ்வளவு?' 'செக்கு எண்ணெய் ஏன் இவ்வளவு விலை?' இவைதான் மக்கள் கூகுளிலும் கேட்கிற கேள்விகள். போட்டி நிறைந்த 'மரச்செக்கு எண்ணெய்' என்ற ஒற்றைச் சொல்லை எட்டிப் பிடிக்க நேரம் ஆகும். 'தேங்காய் எண்ணெய் உறைந்தால் கலப்படமா' என்று தேடுகிறவருக்கு நல்ல பதில் எழுதியிருப்பவர்கள் குறைவு, அங்கே உங்களுக்கு இடம் இருக்கிறது.

எழுதும்போது ஒவ்வொரு பெரிய கேள்விக்கும் ஒரு தனிப் பக்கம் கொடுங்கள். பதிலை முதல் பத்தியிலேயே சொல்லிவிடுங்கள். தேங்காய் எண்ணெய் சுமார் 24 டிகிரி செல்சியஸுக்குக் கீழே போனால் உறையும், மார்கழிக் காலையில் உறைவது அதன் இயல்பு, உறைவதை வைத்து மட்டும் கலப்படம் என்று சொல்ல முடியாது. இதை முதலில் எழுதிவிட்டு, அப்புறம் உங்கள் செக்கில் எடுத்த படத்தோடு விவரமாகச் சொல்லுங்கள். விலைப் பக்கத்தில் ஒரு லிட்டருக்கு எத்தனை கிலோ பருப்பு போகிறது, பிண்ணாக்கு எவ்வளவு மிஞ்சுகிறது, ஆட்டுகிற கூலி என்ன என்று உங்கள் கணக்கையே போடுங்கள். வேறு எந்தத் தளத்திலும் இல்லாத விவரம் அது. சர்க்கரை குறையும், இதய நோய் தீரும் என்றெல்லாம் எழுதாதீர்கள். உடல்நலம் சார்ந்த பக்கங்களை கூகுள் கூடுதல் கவனத்தோடு பார்க்கிறது. அதைவிட முக்கியம், நம்பி வாங்குகிறவருக்கு அது நல்லதல்ல.

சொற்களைப் பற்றி ஒன்று. நம் ஆட்கள் மூன்று விதமாகத் தேடுகிறார்கள்: தமிழ் எழுத்தில், ஆங்கில எழுத்தில் தமிழைப் போட்டு, இல்லை முழு ஆங்கிலத்தில் 'வுட் பிரஸ்டு ஆயில்', 'கோல்டு பிரஸ்டு ஆயில்' என்று. எனவே எண்ணெய் பக்கம் ஒவ்வொன்றிலும் தமிழ்ப் பெயரோடு ஆங்கிலப் பெயரும் ஒரு முறை இயல்பாக வரட்டும். ஆங்கிலத்தில் தேடுகிறவர்களுக்குத் தனியாக ஆங்கிலப் பக்கம் இருந்தால் இன்னும் நல்லது. ஒரே சொல்லை இருபது முறை திணிப்பதால் பயன் இல்லை. பக்கத்துக்குப் பின்னால் ஒளித்துவைக்கும் கீவேர்ட் (தேடல் சொல்) பட்டியலை வரிசைப்படுத்தப் பயன்படுத்துவதில்லை என்று கூகுள் 2009-லேயே சொல்லிவிட்டது. அதற்காக யாராவது பணம் கேட்டால் கொடுக்க வேண்டாம்.

ஒவ்வொரு பக்கத்துக்கும் தனித் தலைப்பு வேண்டும். தேடல் முடிவில் நீல நிறத்தில் தெரிகிறதே, அந்த வரி. பல தளங்களில் அது 'ஹோம்' என்றே இருக்கும். 'மரச்செக்கு நல்லெண்ணெய் 1 லிட்டர் விலை, காங்கயம்' என்று வைத்துப் பாருங்கள், உள்ளே என்ன கிடைக்கும் என்று தெரிந்துதான் ஆள் வருவார். பக்க முகவரியை மட்டும் ஆங்கில எழுத்தில் சின்னதாக வையுங்கள். தமிழில் வைத்தாலும் வேலை செய்யும், ஆனால் அதை வேறு இடத்தில் ஒட்டும்போது ஒவ்வொரு தமிழ் எழுத்துக் குறியும் ஒன்பது குறியீடுகளாக நீண்டுவிடும். வாட்ஸ்அப்பில் அனுப்பினால் பார்க்கிறவர் பயந்துபோவார்.

வடிவமைப்பு என்றால் நான் முதலில் எடுப்பது போனைத்தான். கூகுளும் தளத்தின் போன் வடிவத்தை வைத்துத்தான் மதிப்பிடுகிறது. முகப்பில் ஓடிக்கொண்டே இருக்கும் பேனர் இருந்தால் எடுத்துவிடுங்கள். கேமராவில் எடுத்த 4 எம்.பி. படத்தை அப்படியே ஏற்றாமல், ஸ்கூஷ் போன்ற இலவசக் கருவியில் 200 கே.பி. அளவுக்குச் சுருக்குங்கள். பக்கத்தின் முக்கியப் பகுதி இரண்டரை வினாடிக்குள் தெரிய வேண்டும் என்பது கூகுள் வைத்திருக்கும் அளவு. வேகத்தை அளக்கும் கூகுளின் பேஜ்ஸ்பீட் இன்சைட்ஸில் முகவரியைக் கொடுத்தால் உங்கள் தளம் எங்கே நிற்கிறது என்று காட்டும்.

தமிழ் எழுத்துக்கு ஆங்கிலத்தைவிடக் கூடுதல் இடம் வேண்டும். மேலே புள்ளியும் விலங்கும், கீழே சுழியும் உள்ள எழுத்து இது. எழுத்தளவு 17, 18 பிக்சல், வரி இடைவெளி 1.7 மடங்கு என்று வைத்தால் வயதானவர்களும் சிரமமில்லாமல் படிப்பார்கள். இரண்டு பக்க ஓரத்தையும் நேராக்காதீர்கள், நம் சொற்கள் நீளம் என்பதால் நடுவில் ஓட்டை விழும். சிவப்புப் பின்னணியில் மஞ்சள் எழுத்து போர்டுக்குச் சரி, படிக்கிற பத்திக்கு வெள்ளையில் கறுப்புதான். போன் எண் தொட்டாலே அழைக்கும்படி இருக்கட்டும். கடை முகவரியும், உணவுப் பாதுகாப்பு ஆணையம் தரும் 14 இலக்க எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. எண்ணும் ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் எழுத்தாக இருக்கட்டும்.

சுற்று வட்டாரத்து ஆட்கள் வந்து வாங்கும் செக்குக்கு, இணையதளத்தைவிட முன்னால் பலன் தருவது, தேடலிலும் மேப்பிலும் கடை விவரத்தைக் காட்டும் கூகுள் பிசினஸ் புரொஃபைல். இதுவும் இலவசம். தேடும் சொல்லுக்குப் பொருந்துகிறதா, எவ்வளவு தூரம், எவ்வளவு அறியப்பட்ட கடை என்ற மூன்றையும் பார்த்துத்தான் மேப்பில் கடைகளைக் காட்டுகிறார்கள். போர்டில் உள்ள பெயரை மட்டும் போடுங்கள், 'சிறந்த மரச்செக்கு எண்ணெய் காங்கயம்' என்று பெயரோடு ஒட்டவைத்தால் கணக்கு முடக்கப்படலாம். விமர்சனம் எழுதினால் தள்ளுபடி என்று சொல்வதும் விதிக்கு எதிரானது. எண்ணெய் பிடித்திருக்கிறது என்று சொல்கிறவரிடம், அதையே இரண்டு வரி எழுதுங்களேன் என்று கேட்டாலே போதும்.

அந்த மூன்று மாத ஆள் பெரும்பாலும் செய்யக்கூடியது, விலைக்கு லிங்க் வாங்கிக் குவிப்பது. லாரி பேஜும் செர்ஜி பிரின்னும் 1998-ல் கூகுளைத் தொடங்கியபோது, ஒரு தளம் இன்னொன்றுக்குக் கொடுக்கும் லிங்கைப் பரிந்துரையாக எடுத்துக்கொண்டார்கள். உடனே போலிப் பரிந்துரை விற்கும் வியாபாரமும் வந்துவிட்டது. 2012-ல் தேடல் வரிசைப்படுத்தும் முறையில் பெங்குவின் என்ற மாற்றத்தைக் கொண்டுவந்து அப்படிப்பட்ட தளங்களைக் கீழே தள்ளினார்கள். வாங்கிய லிங்க் உங்களைப் பின்னுக்கு இழுக்கலாம். உங்களிடம் எண்ணெய் வாங்கும் ஒரு உணவகம் தன் தளத்தில் உங்கள் பெயரைச் சொல்லி லிங்க் கொடுத்தால் அதுதான் உண்மையான மதிப்பு.

இதெல்லாம் செய்தபின் பலன் தெரிய நான்கு மாதம் முதல் ஒரு வருடம்வரை ஆகலாம் என்பதுதான் கூகுள் சொல்லும் கணக்கு. தினமும் சொந்த போனில் தேடிப் பார்த்து மனம் தளராதீர்கள், நீங்கள் இருக்கும் இடத்தைப் பொறுத்து முடிவு மாறும். சர்ச் கன்சோலில் எந்தச் சொல்லுக்கு எத்தனை முறை தெரிந்தீர்கள், எத்தனை பேர் உள்ளே வந்தார்கள் என்று இருக்கும். வாரம் ஒரு முறை அதைப் பாருங்கள். நீங்கள் நினைத்தே பார்க்காத சொற்கள் அங்கே வரும், அடுத்த பக்கத்தை அவற்றுக்கு எழுதுங்கள்.

தளம் செய்தவரிடம் இந்த வாரமே பேசிவிடுங்கள். டொமைன், அதாவது தள முகவரி, உங்கள் பெயரில், உங்கள் மின்னஞ்சலில் பதிவாகியிருக்கிறதா என்று கேளுங்கள். அவர் பெயரில் இருந்தால் மாற்றித் தரச் சொல்லுங்கள். வேர்ட்பிரஸ் அட்மின், தளத்தை வைத்திருக்கும் ஹோஸ்டிங் கணக்கு இரண்டின் கடவுச்சொல்லையும் வாங்கி வையுங்கள். ஒரு வருடத்துக்குப் பதிவு செய்திருந்தால் புதுப்பிக்க இன்னும் நான்கு மாதம்தான் இருக்கிறது, அதற்குள் இது முடிந்துவிட வேண்டும்.