7 வயதில் 6ஆம் வகுப்பு வாசிப்பு: எந்தப் பாடத்திட்டம் வாங்குவது?

உங்கள் 7 வயது மகள் ஆறாம் வகுப்பு நிலையில் வாசிக்கிறாள், அவளுக்கு எந்த வகுப்பின் மொழிப் பாடத் தொகுப்பை வாங்குவது என்று கேட்கிறீர்கள். இரண்டாம் வகுப்புத் தொகுப்பும் வேண்டாம், ஆறாம் வகுப்புத் தொகுப்பும் வேண்டாம். வாசிப்பு, எழுத்து, இலக்கணம் எல்லாவற்றையும் ஒரே நிலையில் கட்டித் தருவதை வாங்காமல், ஒவ்வொன்றையும் தனித்தனியாகத் தேர்ந்தெடுங்கள்.

மகள் பெரிய கதைப் புத்தகங்களை ஒரே மூச்சில் முடிக்கிறாள், இரண்டு வரி எழுதச் சொன்னால் அழுகிறாள் என்கிறீர்கள். அது பெரும்பாலும் சோம்பல் இல்லை. மீத்திறன் குழந்தைகளுக்கு, அதாவது வயதை மிஞ்சிய திறன் உள்ளவர்களுக்கு, எல்லாத் திறனும் ஒரே வேகத்தில் வளர்வதில்லை. யோசனை 12 வயதுக்கு ஓடும், பென்சில் பிடிக்கும் கை 7 வயதிலேயே இருக்கும். பாவம், அந்த இடைவெளி அவளுக்கே எரிச்சலாக இருக்கும்.

இதைச் செய்து பாருங்கள்:

1. படித்த கதையைப் பற்றி அவள் வாயால் சொல்லட்டும். நீங்கள் ஒரு சொல் மாற்றாமல் எழுதிக்கொள்ளுங்கள்.
2. இன்னொரு நாள் வேறொரு கதையைப் பற்றி அவளே எழுதட்டும்.
3. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். சொன்னது வளமாகவும் எழுதியது வறட்சியாகவும் இருந்தால், சிக்கல் கருத்தில் இல்லை, கையிலோ எழுத்துக்கூட்டலிலோதான்.

அப்படியானால் கட்டுரைக்கு அவள் சொல்ல நீங்கள் எழுதுங்கள். கையெழுத்துக்குத் தனியாக தினம் 10 நிமிடம் போதும். அப்புறம் இலக்கணம்: தெரிந்ததையே திரும்ப நிரப்பச் சொல்லும் பயிற்சி நூலை விட, அவள் படிக்கும் புத்தகத்திலிருந்தே ஒரு வாக்கியத்தைப் பிரித்துப் பார்ப்பது நல்லது.

ஒரு எச்சரிக்கை. நன்றாக வாசிக்கும் குழந்தைக்கும் டிஸ்கிராஃபியா (எழுதுவதைக் கடினமாக்கும் கற்றல் குறைபாடு) இருக்கலாம், வாசிப்புத் திறமை அதை மறைத்துவிடும். சில மாதங்களில் எழுத்து நகரவே இல்லை என்றால் நிபுணரிடம் காட்டுங்கள்.