வாக்காளர் அட்டை இருக்கிறது, பட்டியலில் பெயர் இல்லை: இலவச வக்கீல் கிடைப்பாரா?

கேள்வி: 68 வயதாகும் என் அம்மா சிகிச்சைக்காக நாலு மாதம் அக்கா வீட்டில் இருந்தார். அதற்குள் 'குடிபெயர்ந்தவர்' என்று வாக்காளர் பட்டியலிலிருந்து பெயரை நீக்கிவிட்டார்கள். வக்கீல் வைக்க வசதியில்லை. என்ன செய்யலாம்?

பதில்: இலவசமாகவே வக்கீல் கிடைப்பார். சட்டப் பணிகள் ஆணையச் சட்டம், 1987-இன் 12-ஆவது பிரிவில் பெண்களுக்கு வருமான வரம்பே இல்லை. பட்டியல் சாதியினர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகளுக்கும் அப்படியே. மாவட்ட நீதிமன்ற வளாகத்திலுள்ள சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் மனு கொடுங்கள். நேரில் போக முடியாவிட்டால் 15100 என்ற சட்ட உதவி எண்ணில் பேசலாம்.

அதோடு, நீக்க உத்தரவின் நகலை வாக்காளர் பதிவு அலுவலரிடம் எழுத்துமூலம் கேட்டு, தேதி முத்திரையுடன் ஒப்புகை வாங்குங்கள். வாய்மொழியாகக் கேட்டுவிட்டுத் திரும்புபவர்கள்தான் அதிகம்; அந்த நகல் இல்லாமல் வக்கீலால் ஓரடி நகர முடியாது. குடியிருப்பைக் காரணம் காட்டிப் பெயரை நீக்கும்முன், சம்பந்தப்பட்டவரின் விளக்கத்தைக் கேட்டாக வேண்டும் என்கிறது மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம், 1950-இன் 22-ஆவது பிரிவு. அம்மாவுக்கு நோட்டீஸ் வரவில்லை என்றால் உங்கள் வலுவான வாதம் அதுதான். தற்காலிகமாக வெளியே தங்குவதால் மட்டும் ஒருவர் அந்த ஊர்க்காரர் இல்லை என்றாகிவிடாது என்று 20-ஆவது பிரிவு சொல்கிறது. ஆகவே மருத்துவமனை டிஸ்சார்ஜ் சீட்டு, ரேஷன் கார்டு, கேஸ் ரசீது எல்லாவற்றையும் எடுத்துவையுங்கள்.

உத்தரவிலிருந்து 15 நாளுக்குள் மாவட்ட ஆட்சியரிடம் மேல்முறையீடு. அங்கும் மறுத்தால் 30 நாளுக்குள் மாநிலத் தலைமைத் தேர்தல் அதிகாரியிடம். உத்தரவே தாமதமாகத்தான் தெரிந்தது என்றால், தெரிந்த தேதியையும் காரணத்தையும் மனுவிலேயே எழுதுங்கள். உரிமையியல் நீதிமன்றத்தில் வழக்குப் போட்டு நாளை வீணாக்காதீர்கள்; 30-ஆவது பிரிவு அதைத் தடுக்கிறது. இரண்டு மேல்முறையீடும் பலிக்காவிட்டால் உயர்நீதிமன்றத்தில் ரிட் மனு (அதிகாரியின் உத்தரவை எதிர்த்து அங்கே நேரடியாகப் போடும் மனு). சென்னையிலும் மதுரையிலும் அதற்கென்று தனிச் சட்டப் பணிகள் குழு இருக்கிறது, அதுவும் இலவசம்தான்.

தேர்தல் நெருங்குகிறதா? மேல்முறையீட்டின் முடிவுக்காகக் காத்திருக்காமல் பட்டியலில் பெயர் சேர்க்கக் கோரும் படிவம் 6-ஐயும் உடனே கொடுத்துவிடுங்கள். வேட்புமனு தாக்கலின் கடைசி நாளுக்குப் பிறகு, அந்தத் தேர்தல் முடியும்வரை யார் பெயரையும் பட்டியலில் சேர்க்க முடியாது. அட்டையை வைத்துக்கொண்டு வாக்குப்பதிவு நாளன்று சாவடியில் வாதாடுவதும் பலிக்காது, ஏனென்றால் அங்கே பட்டியல்தான் செல்லும். படிவம் கொடுத்ததும் வரும் விண்ணப்ப எண்ணைக் குறித்துவைத்து, சேர்க்கப்பட்டதா என்று 1950 என்ற வாக்காளர் உதவி எண்ணில் கேட்டுக்கொள்ளுங்கள். நிராகரித்தாலும் அதன் மீது இதே வழியில் மேல்முறையீடு செய்யலாம்.