கடலோர வீட்டில் எவர்சில்வர் கேட் ஏன் கறைபடுகிறது?

பினாங்கு தஞ்சோங் பூங்காவில் கடலை நோக்கிய வீட்டில் வசிக்கும் வாசகர் ஒருவர் கேட்கிறார்: "எவர்சில்வர் கேட் போட்டு ஓராண்டுகூட ஆகவில்லை; அதற்குள் தேநீர் சிந்தியதுபோல் பழுப்புக் கறை. அம்மாவின் தூக்குச்சட்டியோ இருபது ஆண்டுகளாகப் பளபளக்கிறது. பட்டறைக்காரர் ஏமாற்றிவிட்டாரா?"

ஏமாற்றினார் என்று உடனே சொல்லிவிட முடியாது. எவர்சில்வரில் குறைந்தது 10.5 விழுக்காடு குரோமியம் இருக்கும்; அது காற்றிலுள்ள ஆக்சிஜனோடு சேர்ந்து, கண்ணுக்குத் தெரியாத மெல்லிய படலமாக உலோகத்தை மூடிக் காக்கிறது. கீறல் விழுந்தாலும் படலம் தானே மீண்டும் உருவாகிவிடும். ஆனால் கடற்காற்று கொண்டுவரும் உப்பிலுள்ள குளோரைடு, ஓரிடத்திலேயே தங்கிவிட்டால், அப்படலத்தைத் துளைத்துவிடும். தூக்குச்சட்டியை நாள்தோறும் கழுவுகிறோம். கேட்டை யார் கழுவுகிறார்கள்? உற்றுப் பாருங்கள்: மழை நேராகப் படும் கம்பிகள் ஓரளவு சுத்தமாக இருக்க, கூரை நிழலில் மழை படாத மேற்பகுதியிலும் பற்றவைத்த மூட்டுகளிலும்தான் கறை மிகுந்திருக்கும்.

தரமும் முக்கியம். சமையற்பாத்திரங்களில் பரவலாகப் பயன்படும் 304 வகையில் சுமார் 18 விழுக்காடு குரோமியமும் 8 விழுக்காடு நிக்கலும் உண்டு. 316 வகையில் கூடுதலாக 2 முதல் 3 விழுக்காடு மாலிப்டினம் சேர்வதால் அது உப்பை நன்கு தாங்கும். எலும்பு முறிவுக்குப் பொருத்தும் தகடுகளுக்கு இவ்வகையைச் சேர்ந்த 316எல் பயன்படுவதும் அதனால்தான், நம் இரத்தமும் உப்புநீர்தானே! நிக்கலைக் குறைத்து மாங்கனீசு சேர்த்த 201 மலிவானது, கடலோரத்துக்கு ஆகாது. காந்தம் வைத்துப் பார்ப்பது இங்கே உதவாது. இம்மூன்றிலும் அது பொதுவாக ஒட்டாது. ஆகவே தர எண்ணை ரசீதிலேயே எழுதித் தரும்படி கேளுங்கள்.

இப்போதுள்ள கேட்டை மாற்ற வேண்டாம். இரு வாரங்களுக்கு ஒருமுறை பாத்திரச் சோப்பு கலந்த நீரில் மென்துணியை நனைத்து, உலோகத்தின் வரியோட்டத்திலேயே துடைத்து, நல்ல தண்ணீரால் அலசுங்கள். இரும்பு நார் வேண்டவே வேண்டாம். அதன் துகள்கள் ஒட்டிக்கொண்டு துருப்பிடிக்கும். தரை ஓடு கழுவும் அமிலமும் பிளீச்சும் அதைவிடக் கேடு.

இனிக் கடற்பக்க மாடத்துக்குக் கைப்பிடி போடுவதாயின், நன்றாக மெருகேற்றிய 316 வாங்குங்கள். சொரசொரப்பான மேற்பரப்பில் உப்பு எளிதில் தங்கும். வீட்டுக்குள் இருக்கும் படிக்கட்டுக்கு 304 போதும். அங்கே 316 போடுவது வீண்செலவு.