குதிரைக்குப் புரியும்படி சொல்வது எப்படி? – கேள்வி பதில்

மேலூரிலிருந்து ஒரு தம்பி: அண்ணே, நாலு வயசு மார்வாரி இன ஆண் குதிரை வாங்கியிருக்கிறேன். கயிற்றைப் பிடித்து இழுத்தால் காலை ஊன்றிக்கொண்டு நகர மாட்டேன் என்கிறது. திமிரா?

திமிர் இல்லை தம்பி, நீங்கள் கேட்பது அதற்குப் புரியவில்லை. இழுத்தால் எதிர்த்து இழுப்பது குதிரையின் இயல்பு. முந்நூறு, நானூறு கிலோ உடம்போடு இழுபறி வேண்டாம். எதிரே நிற்காமல் கழுத்தோரமாக நின்று, கயிற்றை லேசாக முன்பக்கம் பிடியுங்கள். கூட்டவும் வேண்டாம், குறைக்கவும் வேண்டாம். அப்படியே காத்திருங்கள். அது உடம்பை முன்னால் சாய்த்தாலே போதும், அந்த நொடியே கயிற்றைத் தளர்த்துங்கள். தளர்த்துவதுதான் அதன் காதில் "சரி" என்று விழும். மூன்று நொடி கழித்துத் தளர்த்தினால் எதற்காக விட்டீர்கள் என்று அதற்குத் தெரியாது. இன்றைக்குச் சாய்ந்தால் போதும், நாளைக்கு ஓர் அடி, அப்புறம் இரண்டடி. பத்து நிமிடம் பழக்கி, நல்லபடியாகச் செய்ததோடு நிறுத்திவிடுங்கள்.

என் முதல் குதிரைக்கு நான் செய்த அநியாயம் இன்றும் மனதில் உறுத்துகிறது. அது நடக்க ஆரம்பித்த பிறகும் பிடியை விடாமல் இழுத்துக்கொண்டே போனேன். கேட்டதைச் செய்தாலும் தண்டனை, செய்யாவிட்டாலும் தண்டனை என்றால் அது என்னதான் செய்யும்?

அலங்காநல்லூர்: பின்னால் போன என் மகனை உதைத்துவிட்டது. சாயங்காலம் வந்து நாலு போடு போட்டேன். தப்பா?

முதலில் பையனை டாக்டரிடம் காட்டிவிட்டீர்களா? வயிற்றிலோ தலையிலோ பட்டிருந்தால் வலி இல்லையென்றாலும் காட்டிவிடுங்கள்.

அடித்தது தப்புதான். காலையில் உதைத்ததற்குச் சாயங்காலம் அடி என்று குதிரைக்குக் கணக்குப் போடத் தெரியாது. நீங்கள் வந்தால் அடி விழும் என்று மட்டும் பதிந்துவிடும். அதன் கண்கள் தலையின் இரு பக்கமும் இருப்பதால் கிட்டத்தட்ட சுற்றிலும் பார்க்கும். ஆனால் வாலுக்கு நேர் பின்னாலும் நெற்றிக்கு நேர் முன்னாலும் இருப்பது தெரியாது. தெரியாத இடத்தில் ஏதோ அசைந்தால் உதைக்கத்தான் செய்யும். குரல் கொடுத்துக்கொண்டே தோள் பக்கமாக வந்து, முதுகில் கை வைத்தபடி ஒட்டி நடக்கப் பையனுக்குச் சொல்லிக்கொடுங்கள். இல்லையென்றால் நன்றாக விலகிப் போகட்டும்.

உசிலம்பட்டி: இரண்டு வயசுக் குட்டியில் ஏறலாமா?

வேண்டாம். முதுகெலும்பு முழுசாக முற்ற ஐந்து வயதுக்கு மேல் ஆகும். நான் நாலு வயதுக்கு முன் ஏறுவதில்லை. அதுவரை கயிற்றில் நடக்கவும், கால் தூக்கிக் காட்டவும், லாடக்காரர் வந்தால் பொறுமையாக நிற்கவும் பழக்குங்கள்.

திருமங்கலத்திலிருந்து ஒரு பெரியவர்: பத்து வருஷமாக வண்டி இழுக்கிற மட்டக்குதிரை. ஒரு மாதமாகக் கடிவாளம் போடப் போனால் தலையைத் தூக்குகிறது, கடிக்க வருகிறது.

ஐயா, பத்து வருஷம் உழைத்த உயிர் திடீரென்று மாறினால் முதலில் வலியைத்தான் சந்தேகிக்க வேண்டும். குதிரையின் பல் தேயத் தேய வெளியே வந்துகொண்டே இருக்கும். கடைவாய்ப் பல்லின் ஓரம் கூராகிக் கன்னத்தையும் நாக்கையும் கிழிக்கும். அதன்மேல் இரும்பு பட்டால் எப்படி இருக்கும்? கால்நடை மருத்துவரிடம் வாயைக் காட்டி, பல்லை அரத்தால் ராவிவிடச் சொல்லுங்கள். வார் உரசும் இடங்களில் புண் இருக்கிறதா என்றும் தடவிப் பாருங்கள். வாய் ஆறும்வரை வண்டி பூட்டாதீர்கள் ஐயா.

அழகர்கோவில் பக்கம்: சித்திரைத் திருவிழாவுக்குக் கூட்டிப் போக ஆசை. மேளம் கேட்டாலே மிரளுகிறது.

தை மாதமே ஆரம்பியுங்கள். அது புல் தின்னும்போது தூரத்தில் மெதுவாக ஒருவர் கொட்டட்டும். தின்பதை நிறுத்தித் தலையைத் தூக்கினால் கொட்டுகிறவர் இன்னும் தள்ளிப் போக வேண்டும். மறுபடி தின்ன ஆரம்பித்த பிறகே கிட்டே வரலாம். பங்குனிக்குள் பழகாவிட்டால் இந்த வருஷம் கொட்டகையிலேயே இருக்கட்டும். அழகர் ஆற்றில் இறங்கும் கூட்டத்தில் மிரண்ட குதிரை பிள்ளைகள் மேல்தான் பாயும்.

வாடிப்பட்டியிலிருந்து ஒரு தங்கச்சி: வெல்லம் கொடுத்துப் பழக்கினேன். இப்போது கையைக் கவ்வுகிறது.

கையில் கொடுப்பதை நிறுத்துங்கள்மா. கேரட்டோ, ஊறவைத்த கொள்ளோ, எதுவானாலும் தொட்டியில் போடுங்கள். பாராட்ட நினைத்தால் பிடரிமயிர் முடிகிற மேட்டில் சொறிந்துவிடுங்கள். குதிரைகள் ஒன்றுக்கொன்று பல்லால் சொறிந்துகொள்ளும் இடம் அது. மேலுதடு நீண்டு துடித்தால் சரியான இடத்தைப் பிடித்துவிட்டீர்கள்.