வொன் சரிவும் சிப் பங்குகளும்: சேலம் வாசகர்களின் கேள்விகள்

கேள்வி: கொரிய நாணயமான வொன் இறங்கிய காலாண்டில் அந்நாட்டு மெமரி சிப் கம்பெனிகளின் விற்பனை ஏறியிருக்கிறதே, சிப் துறை மீண்டுவிட்டதா? (காபித் தோட்டக்காரர், ஏற்காடு)

பதில்: அதை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது. சிப்புக்கு விலை பேசுவது டாலரில், கணக்கு எழுதுவது வொன்னில். 100 டாலர் விற்பனை, டாலருக்கு 1,300 வொன் வீதம், 1,30,000 வொன். அடுத்த காலாண்டில் விற்பனை 95 டாலராகி, டாலர் 1,400 வொன் ஆனால் 1,33,000 வொன். அறிக்கையில் 2.3 சதவீத வளர்ச்சி தெரியும். டாலரில் 5 சதவீதச் சரிவு. நியூயார்க்கில் அராபிகா விலை அசையாமலே ரூபாய் இறங்கி உங்களுக்குக் கூடுதல் பணம் வருவதும் இதே கணக்குதான். வொன் வருமானத்தைக் காலாண்டின் சராசரி மாற்று விகிதத்தால் வகுத்துப் பாருங்கள்.

கேள்வி: 1997 ஆசிய நாணய நெருக்கடிதானே சிப் துறையைக் கவிழ்த்தது? (வெள்ளிப் பட்டறை உரிமையாளர், செவ்வாய்ப்பேட்டை)

பதில்: இல்லை. போட்டி போட்டுக் கட்டிய ஆலைகளின் உற்பத்தி குவிந்து, டிராம் (DRAM) எனும் மெமரி சிப்பின் விலை 1996-லேயே சரிந்துவிட்டது. நெருக்கடியைத் தொடங்கிவைத்தது, தாய்லாந்து நாணயமான பாட்டின் நிலையான மாற்று விகிதம் கைவிடப்பட்டு அது மிதக்கவிடப்பட்டது; அது நடந்தது 1997 ஜூலை 2-ல்தான். அந்த டிசம்பரில் டாலர் 1,900 வொன்னைத் தாண்டியது. நெருக்கடி, ஏற்கெனவே இருந்த நோயை முற்றவைத்தது. ஆலையில் பெருஞ்செலவு இயந்திரத் தேய்மானம். ஓட்டினாலும் நிறுத்தினாலும் அது நிற்காது. டாலர் கடன் கழுத்தை நெரிக்கும்போது கிடைத்த விலைக்குத் தள்ளிவிடத்தான் தோன்றும். உலக சிப் விற்பனை 1995-ல் சுமார் 14,400 கோடி டாலர், 1998-ல் 12,560 கோடி. புது ஆலைகளுக்கான முதலீடு வெட்டப்பட்ட பிறகு 1999-ல் 14,900 கோடியைத் தாண்டியது. அதனால் என் கண் மாற்று விகிதத்தைவிட முதலீட்டு அறிவிப்புகள் மீதுதான்.

கேள்வி: மீட்சியை எதை வைத்து நம்புவது? (அஸ்தம்பட்டி வாசகர்)

பதில்: முதலில் சரக்கிருப்பு. இருப்பு மதிப்பைக் காலாண்டின் விற்ற சரக்கு அடக்கவிலையால் வகுத்து 90-ஆல் பெருக்குங்கள். இருப்பு 900 கோடி, அடக்கம் 600 கோடி என்றால், கையிருப்பு 135 நாள் விற்பனைக்குச் சமம். இந்த நாள் கணக்கு இரண்டு காலாண்டாவது தொடர்ந்து இறங்க வேண்டும். இங்கே ஒரு பொறி உண்டு: விலை விழுந்த சரக்கின் மதிப்பைக் கணக்கில் குறைத்து எழுதினால், ஒரு சிப்கூட விற்காமலே நாள் குறையும். அந்தச் சரக்கு பிறகு விற்கும்போது லாபமும் ஊதித் தெரியும். நிதி அறிக்கையின் குறிப்புரைப் பக்கங்களைப் படிக்காமல் முடிவெடுக்காதீர்கள்.

அடுத்தது, கொரியா வெளியிடும் மாதத்தின் முதல் 20 நாள் ஏற்றுமதிக் கணக்கு. சந்திரப் புத்தாண்டு, சுசொக் (கொரிய அறுவடைத் திருநாள்) விடுமுறைகள் மாதம் மாறி வருவதால், ஒரு வேலைநாள் சராசரியைத்தான் ஒப்பிட வேண்டும்.

கேள்வி: அமெரிக்க சிப் பங்கு வைத்திருக்கும் ஃபண்டில் நஷ்டமே தெரியவில்லையே? (அம்மாபேட்டை வாசகி)

பதில்: டாலரில் 4 சதவீதம் இறங்கி, டாலர் ரூபாய்க்கு எதிராக 5 சதவீதம் ஏறினால், 0.96 × 1.05 = 1.008; அதாவது ரூபாயில் 0.8 சதவீத லாபம்போலத் தெரியும். ரூபாய் திரும்ப வலுத்தால் அந்த மறைப்பு போய்விடும். அடுத்த ஆண்டு கல்லூரிக் கட்டணத்துக்கு வைத்த பணம் என்றால் இதில் வேண்டாம்.